எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணுமில்ல

மெட்ராஸில் அந்தக் கோடையில் காலரா வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. தி. நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே குறுகலான படியேறிப் போனால் எங்கள் ஆபீஸ். சின்னத் தொண்டு நிறுவனம். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டாக்டரம்மா அதை நடத்தினார். தடுப்பூசி முகாம், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு என்று அதுவரை எங்கள் நாட்கள் அமைதியாகவே போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் காலையில் நான் போனபோது டாக்டரம்மா ஃபேனைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அடையாறு ஆற்றோரக் குடிசைகளில் வாந்திபேதியில் அடுத்தடுத்து ஆட்கள் போகிறார்கள் என்றார்.

"நாளையிலேர்ந்து நாம எல்லாரும் அங்கதான். இந்த ஆபீஸ் பூட்டியே கிடக்கட்டும்."

எனக்கு அந்த இடம் கேள்விப்பட்ட இடம்தான். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்த அக்கா அங்கேதான் குடியிருந்தாள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருபவள். விடியற்காலையில் நடந்தே வருவாள். எங்கள் வீட்டை முடித்துவிட்டு அதே சந்தில் இன்னும் இரண்டு வீடு, பிறகு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீடு. வீட்டுக்குத் திரும்பும்போது உச்சி வெயில் ஆகிவிடும். இத்தனை வருஷத்தில் அவள் எங்கள் வீட்டின் எல்லா மூலையையும் பார்த்திருந்தாள். நான் அவள் வீட்டை ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. காலரா வந்ததால்தான் பார்த்தேன்.

ஆற்றை ஒட்டிய சரிவில் ஓலையும் தார்ப்பாயுமாக வரிசை வரிசையாகக் குடிசைகள். மேலே ரோட்டில் தண்ணி லாரி வந்து நிற்கும். கீழே, நடுவில் ஒரே ஒரு அடிபம்பு. அதைச் சுற்றி எப்போதும் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். பம்புக்கு இரண்டடி தள்ளிச் சாக்கடை. நாங்கள் போன முதல் நாள் அந்தச் சாக்கடையோரம் முழுக்க யாரோ பிளீச்சிங் பவுடரைக் கொட்டியிருந்தார்கள். அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டித்தான் குழந்தைகள் ஓடி விளையாடின.

அக்காதான் எங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தாள். "எங்க பாப்பா வந்துகீது, எல்லாம் வாங்க" என்று கதவு கதவாகப் போய்க் கூப்பிட்டாள். பாப்பா என்றது என்னை. அவள் புருஷன் மீன்பாடி வண்டி, அதாவது முன்னால் பலகைத் தட்டு வைத்த மூன்று சக்கர சைக்கிள் வண்டி, ஓட்டுகிறவர். கட்டில், பீரோ, சிமெண்ட் மூட்டை என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு ஊர் முழுக்க மிதிப்பார். நல்ல உயரம், சத்தமாகச் சிரிக்கிற ஆள். நோயை விளக்கும் எங்கள் படப் பலகையையும் தண்ணீர் டிரம்மையும் அவர் வண்டியில்தான் வைத்துச் சரிவில் இறக்கினோம். நாங்கள் ஜனங்களிடம் பேசுவதும் அந்த வண்டியைச் சுற்றி நின்றுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு உப்பு என்று நான் கலக்கிக் காட்டினால் முதல் டம்ளரை அவர்தான் வாங்கிக் குடிப்பார்.

"டாக்டரு, இதுல ஒரு எலுமிச்சம்பயம் புயிஞ்சி வுட்டா சோக்கா இர்க்கும்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்த ஒரே ஆள் அவர்தான்.

மைக் செட் கட்டிய ஆட்டோ ஒன்றையும் டாக்டரம்மா ஏற்பாடு செய்திருந்தார். கட்சிக் கூட்டங்களுக்குப் போகிற ஆட்டோ. அதில் உட்கார்ந்துகொண்டு, "தாய்மார்களே, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்" என்று பேசிக்கொண்டே ஆற்றோரம் முழுக்கச் சுற்றுவேன். முதல் வாரத்தில் எங்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை. காய்ச்சுவதற்குக் கிருஷ்ணாயில் எங்கே என்று கேட்டார்கள். ரேஷனில் கிடைப்பது சோறு பொங்கவே பத்தாது. அதனால் குளோரின் மாத்திரை கொடுத்தோம். வாடை அடிக்கிறது, குமட்டுகிறது என்றார்கள். குடத்தை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்தால் வாடை போகும் என்று சொன்னோம். இப்படிப் பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்துகொண்டிருந்தது. யாருக்காவது வயிறு கட்டுக்கடங்காமல் போனால் உடனே வந்து சொன்னார்கள். சொன்னவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர்களில் பெரும்பாலோர் பிழைத்துத் திரும்பினார்கள். சீக்கிரம் வந்தால் பிழைக்கலாம் என்பதுதான் அந்த நோயில் இருக்கிற ஒரே நல்ல விஷயம்.

எல்லாம் கெட்டது ஒரு நோட்டீஸால்.

ஆற்றோரத்தில் மட்டும் பேசினால் போதாது, மயிலாப்பூர், ராஜா அண்ணாமலைபுரம் தெருக்களிலும் எச்சரிக்கை செய்ய வேண்டும் என்று எங்கள் கமிட்டியில் பேசினார்கள். கமிட்டியிலிருந்த ஒரு பெரியவர் நோட்டீஸை அச்சடித்துக் கொடுப்பதாகச் சொன்னார். அது அச்சாகி, பேப்பர் போடுகிற பையன்கள் மூலமாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த நாளில் நான் அடிபம்புப் பக்கம் இருந்தேன். அதை முதலில் பார்த்தது எங்கள் வீட்டுக் கூடத்தில், ரேடியோவின் அடியில்.

மஞ்சள் தாள். தண்ணீரைக் காய்ச்சுங்கள், ஈ மொய்த்த பண்டங்களைத் தவிர்க்கவும், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசி வரி மட்டும் இப்படி: 'வீட்டு வேலைக்கு வருபவர்களின் குடும்பத்தில் யாருக்கேனும் வாந்திபேதி உள்ளதா என்பதை விசாரித்து எச்சரிக்கையாக இருக்கவும்.'

அம்மா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாத்திரம் தேய்த்து நான் பார்த்ததே இல்லை.

"அக்கா வரலையா?"

"வந்தா. வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா?"

"ஏண்டி, நீங்கதானே போட்டிருக்கேள் விசாரிக்கச் சொல்லி? விசாரிச்சேன். பக்கத்துக் குடிசையில ஒருத்தருக்குன்னா அவளே சொல்றா. அப்புறம் என்ன பண்றது? என்கிட்ட பாட்டு கத்துக்க எத்தனை குழந்தைகள் வந்துண்டு இருக்கு இந்த ஆத்துக்கு. நாளைக்கு ஒண்ணுன்னா அவா அம்மாக்கெல்லாம் நான்னா பதில் சொல்லணும்?"

"பாத்திரம் தேய்ச்சா வராதும்மா அது. தண்ணியில வர்றது."

"அவ கையாலதானே நம்ம குடத்துல தண்ணி பிடிக்கறா?"

அதற்கு நான் சொன்ன பதில் எதுவும் எடுபடவில்லை. அம்மா கெட்டவள் இல்லை. தீபாவளிக்கு எனக்குப் புடவை எடுக்கும்போதே அக்காவுக்கும் எடுப்பாள். ஆனால் பயம் வந்துவிட்டால் அவளிடம் பேச முடியாது. "கொஞ்ச நாள்தானே, எல்லாம் அடங்கினப்புறம் கூப்பிட்டுக்கலாம்" என்று முடித்துவிட்டாள்.

மறுநாள் ஆட்டோ சரிவில் இறங்கியபோது ஒருவரும் வெளியே வரவில்லை. பம்படியில் நின்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கதவு கதவாகப் போனேன். சாக்குப் படுதாவைக்கூட விலக்காமல் உள்ளிருந்தே பதில் வந்தது. "எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணுமில்ல." அடுத்த கதவிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

கடைசியில் வயதான ஒரு பெண் என் எதிரில் வந்து நின்றாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பங்களாவில் கூட்டிப் பெருக்குகிறவள்.

"மைக்ல வந்து நல்லா பேசுற. அங்க போயி காயிதத்துல போட்டு எங்க பொயப்புல மண்ணு போட்ட. இன்னா நாயம் இது?"

"அது நான் போட்டதில்ல."

"ஒங்காளுங்க போட்டதுதான? நேத்து மட்டும் இந்த வரிசையில எத்தினி பேத்த நிறுத்திட்டாங்க தெரியுமா? இனிமே எவளுக்கு வவுறு போனாலும் எவளும் வாயத் தொறக்க மாட்டா. போ, போய் அத்தையும் எய்துங்க."

ஆட்டோ டிரைவர் மைக்கை அணைத்துவிட்டார். அந்த அமைதியில்தான் சுற்றிலும் ஈ மொய்க்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

அக்காவின் குடிசை கடைசி வரிசையில், ஆற்றுக்கு மிக அருகில். மீன்பாடி வண்டி வாசலிலேயே நின்றது. அந்த நேரத்தில் அது அங்கே நிற்கக் கூடாது. வண்டிக்குப் பின்னால், ஆற்றங்கரையில் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு போர்வையை அலசிக்கொண்டிருந்தாள்.

"அவர் எங்க அக்கா?"

"சவாரி போய்கீறாரு."

"வண்டி இங்க இருக்கே."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒண்ணுமில்ல பாப்பா. நீ போ. எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணுமில்ல."

படுதாவை விலக்கிக்கொண்டு நானே உள்ளே போனேன். அவள் பின்னாலேயே ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

இருட்டாக இருந்தது. கோணி மேல் அவர் கிடந்தார். அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் பள்ளத்தில் போயிருந்தன. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது, விரல் நுனியெல்லாம் வெகுநேரம் தண்ணீரில் ஊறினது போலச் சுருங்கியிருந்தது. கால் சதை இழுத்து இழுத்து வெட்டியது. தலைமாட்டில் ஒரு சொம்பு. அதில் நாங்கள் சொல்லிக்கொடுத்த உப்புச் சர்க்கரைத் தண்ணீர் பாதி இருந்தது. அக்கா கலக்கிக் கொடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். குடித்தது எதுவும் உள்ளே நிற்கவில்லை.

"எப்பலேர்ந்து அக்கா?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து." அப்புறம்தான் அழுதாள். "இன்னும் மூணு வூடு கீது பாப்பா என் கைல. அத்தையும் வுட்டுட்டு இன்னா பண்றது? ஆசுபத்திரிக்கு இட்டுகினு போனா ஊருக்கே தெரிஞ்சிபுடும்."

மைக் செட் ஆட்டோவில்தான் அவரை ஏற்றினோம். அத்தனை உயரமான மனுஷனை டிரைவரும் நானும் அக்காவும் மடக்கித்தான் உள்ளே வைக்க வேண்டியிருந்தது. மேலே ஒலிபெருக்கிக் குழாய் ஆடிக்கொண்டே வந்தது. தேனாம்பேட்டை சிக்னலில் வண்டிகள் நெருங்கி நின்றன. வெயில் நேராக உள்ளே அடித்தது. அக்கா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். நான் ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீரை வாயில் விட்டேன். கடைவாயில் வழிந்தது. ஒருதரம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. உதடு அசைந்தது. பக்கத்தில் ஒரு பல்லவன் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்ததால் என்ன சொன்னார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் யாரும் தாமதிக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் போட்ட உடனேயே இரண்டு கையிலும் ஊசி ஏற்ற நரம்பு தேடினார்கள். நரம்பு அகப்படவில்லை. காலில் தேடினார்கள். ஒரு பாட்டில் இறங்க ஆரம்பித்து, பாதிகூட இறங்கவில்லை. இளவயது டாக்டர் ஒருவர் வெளியே வந்து, "ஏம்மா, நேத்தே கொண்டு வந்திருக்கலாமே" என்றார். அதட்டவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். அக்கா அந்த டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலரா உடம்பை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. அங்கிருந்தே சுடுகாட்டுக்குப் போனது. பந்தல் இல்லை, பறை இல்லை, பூ இல்லை. அவள் மைத்துனன் மட்டும் வந்திருந்தான். எல்லாம் முடிந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"பாப்பா, எந்த வூட்லயும் சொல்லிடாத."

"அக்கா..."

"அம்மாகிட்டயும்தான். சத்தியம் பண்ணு. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ள கீது."

சத்தியம் செய்தேன்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். நோட்டீஸை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு அந்தக் கடைசி வரியைப் படித்தார்.

"ஒரு வரி சேத்துக்கட்டுமான்னு கமிட்டிப் பெரியவர் ஃபோன்ல கேட்டார். என்ன வரின்னு நான் கேக்கலை." நோட்டீஸை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "நாம பேச வேண்டிய இடம் இப்ப ஆத்தோரம் இல்ல" என்றார்.

அதன் பிறகு நாங்கள் ஆற்றோரத்தில் பாதி நேரமும் தெருக்களில் பாதி நேரமும் வேலை செய்தோம். வேறு நோட்டீஸ் அடித்தோம். காலரா தண்ணீரால் வருகிறது, வேலைக்கு வருபவர்களால் அல்ல, அவர்களை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் நோயை மறைப்பார்கள் என்று அதில் இருந்தது. கையில் எடுத்துக்கொண்டு நானே வீடு வீடாகப் போனேன். கிரில் கேட்டுக்கு உள்ளே நின்றபடியே பேசினார்கள். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றதெல்லாம் ரொம்ப சரிம்மா. ஆனா எதுக்கு ரிஸ்க்?" என்றார்கள். இன்னொரு வீட்டு வாசலில், "உங்காத்துல அவளை மறுபடி வேலைக்கு வச்சுண்டாச்சா?" என்று ஒரு மாமி கேட்டாள். நான் அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

சில வீடுகளில் திரும்ப வரச் சொன்னார்கள். நிறையப் பேர் சொல்லவில்லை. ஆற்றோரத்தில் அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் சிலர் இறந்தார்கள். எல்லாருமே எங்களுக்குத் தெரியாமல் உள்ளே கிடந்தவர்கள்.

அப்போதுதான் எங்கள் சந்திலேயே எதிர்வீட்டு மாமாவுக்கு உடம்புக்கு வந்தது. கணக்கு ஆபீஸில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வீட்டில் வேலைக்காரியை எங்களுக்கும் முன்பே நிறுத்திவிட்டார்கள். காலையில் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. மகன்கள் இரண்டு பேரும் மாமாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் மாடியிலிருந்து பார்த்தேன். கைகள் தொங்கின. கண் இரண்டும் பள்ளத்தில் போயிருந்தன. அந்த மாதிரிக் கண்களை நான் பார்த்திருந்தேன்.

"மாம்பழம் ஒத்துக்கலையாம். கேஸ் ட்ரபிள்" என்றாள் அம்மா.

மாமா ஒரு நர்ஸிங் ஹோமில் அன்றைக்கே போய்விட்டார். ஹார்ட் என்று சொன்னார்கள். பதின்மூன்றாம் நாள்வரை வருகிறவர்கள் எல்லாரிடமும் ஹார்ட் என்றே சொன்னார்கள். அந்த வீட்டு மருமகள் என்னைவிடச் சற்றுப் பெரியவள். துணி காயப்போடுகிற சாக்கில் பின்பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"நீ இந்த வேலையெல்லாம் பண்றியே, ஆத்துல என்ன போட்டு அலம்பணும்? பாத்ரூமெல்லாம்?"

நான் பிளீச்சிங் பவுடர் பற்றிச் சொன்னேன். யார் யாருக்கு வயிறு சரியில்லை என்று கேட்டேன். குழந்தைக்கு லேசாக என்றாள். உப்புச் சர்க்கரை பாக்கெட்டுகளை எடுத்துவந்து சுவருக்கு மேலாகக் கொடுத்தேன். வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "தெருவுல யாருக்கும் தெரிய வேண்டாம். எங்காத்துல யாருக்கும் ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லியிருக்கோம்" என்றாள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

இதை டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். பெயரும் வீடும் சொல்லாமல், எங்கள் சந்துத் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று அவர் சம்பந்தப்பட்டவர்களிடம் பேசினார். ஆட்கள் வந்து தெருவைத் தோண்டினார்கள். குடிதண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு கிடந்தன. இரண்டிலும் விரிசல். தண்ணீர் வராத நேரத்தில் நாங்கள் எல்லாரும் அடித்து அடித்து இழுத்தோமே, எங்கள் வீட்டு அடிபம்புகளில், அப்போது வந்தது என்ன என்று குழிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிந்தது. அம்மா வாசல்படியில் நின்று பார்த்தாள். உள்ளே போய்க் குடத்திலிருந்த தண்ணீரையெல்லாம் முற்றத்தில் கொட்டினாள். அன்றைக்குப் பாட்டு வகுப்பு இல்லை என்று குழந்தைகளைத் திருப்பி அனுப்பினாள். சாயங்காலம் என்னிடம், "அவளை வரச் சொல்லு" என்றாள்.

அக்கா வந்தாள். கொல்லைக் கதவைத் திறந்து உள்ளே வந்தவளைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. கழுத்தில் மஞ்சள் கயிறு. கையில் பிளாஸ்டிக் வளையல். முந்தினநாள் ஆற்றோரத்தில் நான் பார்த்தபோது அவள் நெற்றியும் கழுத்தும் வெறுமையாகத்தான் இருந்தன.

"எப்படி இருக்கே? உன் ஆத்துக்காரர் சௌக்கியமா?" என்று அம்மா கேட்டாள்.

"கீறாரும்மா. வண்டிய எடுத்துகினு ஊருக்குப் போய்கீறாரு. அவுங்க அண்ணனாண்ட."

என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

கோடை முடிந்து மழை வந்தது. நோய் மெல்ல அடங்கியது. ஆட்டோவைத் திருப்பி அனுப்பினோம். அக்கா தினமும் வந்தாள். அதே சந்தில் வேலை செய்த ஆற்றோரத்துப் பெண்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. ஒருநாள் முகாமுக்காக விடியற்காலையிலேயே கிளம்பிக் கோயில் குளத்து முனைக்கு வந்தபோது அக்காவைப் பார்த்தேன். ஓரமாக நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் கண்ணாடியில் குனிந்து பார்த்து, சுருக்குப் பையிலிருந்த அட்டையிலிருந்து ஒரு பொட்டை எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். நேராக இல்லை என்று தோன்றியதோ என்னவோ, பிய்த்து மறுபடி ஒட்டினாள். கயிற்றை எடுத்துக் கழுத்தில் மாட்டி ஜாக்கெட்டுக்குள் விட்டாள். நான் ஒரு பூக்கடைக்குப் பின்னால் நின்று அவள் போகிறவரை காத்திருந்தேன்.

அது தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. நானும் வீட்டில் இருந்தேன். அக்கா கொல்லையில் வெந்நீர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேர்வையில் பொட்டு நழுவி எங்கோ விழுந்துவிட்டது. அம்மா பார்த்தாள்.

"நெத்தியில பொட்டு இல்ல பாரு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா. இரு வரேன்." பூஜை அறைக்குப் போய்க் குங்குமச் சிமிழோடு வந்தாள். விரலில் தொட்டுக்கொண்டு குனிந்தாள்.

அக்கா பின்னால் நகர்ந்தாள். முதுகு துவைக்கிற கல்லில் இடித்தது. "வேணாம்மா."

"ஏன், இப்படித் திரும்பு."

"வேணாம்மா. வைக்காத."

அம்மாவின் விரல் அப்படியே நின்றது. அக்கா முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். சாம்பல் அப்பிய இரண்டு கையும் வெளியே நீட்டியபடி இருந்தன.

"எப்போ?" என்றாள் அம்மா. குரல் அவளுடையது போலவே இல்லை.

"வெயில்லம்மா. நீ என்ன நிறுத்தின மறாநாளு."

அம்மா என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"பாப்பாதான் ஆசுபத்திரிக்கு இட்டுகினு போச்சு" என்று அக்காவே சொன்னாள். "பாப்பாவக் கோச்சிக்காத. நான்தான் சொல்ல வாணாம்னு சத்தியம் வாங்கினேன்."

"என்கிட்ட சொல்றதுக்கென்னடி? இத்தனை வருஷமா இந்த ஆத்துக்கு வரே."

அக்கா தலையைத் தூக்கினாள். கோபம் இல்லை அவள் முகத்தில். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்.

"சொல்லியிருந்தா உள்ள வுட்ருப்பியாம்மா?"

அம்மா குங்குமம் தொட்ட விரலை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே போய்விட்டாள். மன்னிப்பு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அக்கா வெறும் நெற்றியோடுதான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மற்ற மூன்று வீடுகளிலும் விஷயம் தெரிந்துபோனது. இரண்டில் சமாளித்துக்கொண்டாள். ஒரு வீட்டில், ஆறு மாதமாகப் பொய் சொன்னவளை எப்படி வீட்டுக்குள் விடுவது என்று நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த கோடையில் வெயில் ஏறியவுடன் ஆற்றோரத்தில் மறுபடியும் வாந்திபேதி தலைகாட்டியது. நாங்கள் போனபோது பம்படியில் பழைய அமைதிதான். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"எவ வூட்லயாவது கெடந்தா வெளிய சொல்லுங்கடி" என்றாள். "நான் மறச்சேன். மூணு வூட்டு வேலை போயிடுமின்னு மறச்சேன். எம்புருசன் போய்ட்டாரு. அப்பால ஒரு வூடும் போச்சு."

"சொன்னா வேலை போயிடும். நீ குடுப்பியா வேலை?" என்று ஒருத்தி கேட்டாள்.

பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கலைந்து போனார்கள். நாங்கள் பலகையை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் திரும்பி வந்தாள். போன வருஷம் என் எதிரில் நின்று நியாயம் கேட்டாளே, அந்த வயதானவளின் மகள். முந்தானைக்குள் ஒரு குழந்தை துவண்டு கிடந்தது. என்னிடம் வரவில்லை. நேராக அக்காவிடம் போய்க் குழந்தையை நீட்டினாள்.

"காலைலேர்ந்து போய்க்கினே கீது அக்கா. எங்க அம்மாக்குச் சொல்லாத."

அக்கா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஏறினாள். நான் ஆட்டோ பிடிக்க அவளுக்கு முன்னால் ஓடினேன்.